ஒழுகும் பைப்புக்கு அரை இஞ்சி றப்பர் வாசர்

சொட்டுச் சொட்டாக ஒழுகும் பழைய திருகு பைப்பை மாத்தத் தேவையில்லை. சின்ன வாசர் ஒன்று போதும். கால் சுற்றில் திறக்கும் செரமிக் பைப்புக்கு மட்டும் இது சரிவராது.

கடையில் பழைய வாசரைக் காட்டி அளவு பாருங்கோ. நகத்தால் அமத்தினால் கொஞ்சம் பதிந்து உடனே மீளவேணும். பிளாஸ்டிக் மாதிரி விறைச்சதை வாங்காதேங்கோ.

பழைய வாசரை எடுக்கிறதுக்குத் தாங்கி வால்வைப் பூட்டி, தண்ணியை வடியவிட்டு, தலைப்பகுதியை ஸ்பனரால் கழற்றுங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறுறது. வாசர் குந்தும் பித்தளை விளிம்பில் வெள்ளையாய்ப் படிஞ்சிருக்கும். வினாகிரித் துணியைப் பத்து நிமிஷம் வைத்துத் துடைக்காட்டில் புது வாசரும் ஒழுகும். விளிம்பே அரிச்சுப் பள்ளம் விழுந்திருந்தால் வாசரில் பிழையில்லை, விளிம்பைத் தேய்ச்சுச் சமப்படுத்தவேணும், இல்லாட்டில் பைப்பை மாத்தவேணும். புது வாசர் போட்ட பிறகும் பைப்பைப் பலங்கொண்டு முறுக்கிப் பூட்டினால் றப்பர் கெதியில் வெட்டுப்படும்.