பேச்சு முன்னால், எழுத்து பின்னால்: லேப்டாப்பை டிவியில் காட்ட எந்த வழி?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில் மாலை ஆறரைக்குப் பிளஸ் டூ கணக்கு டியூஷன் நடக்கிறது. பதினான்கு பிள்ளைகள், பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள். சாக்பீஸ் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு கரும்பலகையைக் கழற்றிவிட்டேன். லேப்டாப்பில் ஒரு பேனா டேப்லெட்டைச் செருகி, அதில் எழுதுவதை 43 அங்குல டிவியில் காட்டத் தொடங்கினேன். முதலில் எச்டிஎம்ஐ கேபிள்தான். ஐந்து மீட்டர், ஹாலின் குறுக்கே கிடந்தது. தண்ணீர் குடிக்க எழுந்த பையன் ஒருவனின் காலில் அது மாட்டியது. லேப்டாப் ஸ்டூலிலிருந்து விழுந்து மூடியின் கீல் உடைந்தது. கீலுக்கு ஆன செலவைப் பையனிடமா கேட்க முடியும்? அன்றிரவே கம்பியில்லாத வழியைத் தேட ஆரம்பித்தேன்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படத் தெளிவிலும் வேகத்திலும் அதை எதுவும் மிஞ்சாது. டிவிக்குப் பக்கத்திலேயே மேசை போட இடம் இருப்பவர்கள் இதற்கு மேல் படிக்காமல் கேபிளை வாங்கிவிடலாம்.

மற்றவர்களுக்கு இரண்டு வழிகள்தான் உண்மையான போட்டியில் இருக்கின்றன: மிராகாஸ்ட், காஸ்ட். பெயர்கள் அண்ணன் தம்பி போல இருப்பதால் கடைக்காரர்களே குழம்புகிறார்கள். லாங்கு பஜார் பக்கம் நான் டிவி வாங்கிய கடையில், "எல்லாம் ஒன்றுதான் சார், எல்லா டிவியிலும் வரும்" என்றார் விற்பனையாளர். ஒன்று இல்லை. டிவிகள் எல்லாவற்றிலும் வருவதும் இல்லை.

மிராகாஸ்ட் 2012ல் வைஃபை அலையன்ஸ் அமைப்பு கொண்டுவந்த முறை. லேப்டாப்பும் டிவியும் நடுவில் யாரும் இல்லாமல் தாங்களே நேராகக் கைகோத்துக்கொள்ளும். வீட்டில் ரூட்டர் இல்லாவிட்டாலும் நடக்கும். விண்டோஸ் 8.1 முதல் இந்த வசதி லேப்டாப்பிலேயே இருக்கிறது. விண்டோஸ் பொத்தானோடு கே எழுத்தை அழுத்தினால் அருகிலுள்ள டிவிகளின் பட்டியல் வரும். காஸ்ட் என்பது கூகுளின் முறை. 2013ல் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவியோடு வந்தது. இப்போது கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளுக்கு உள்ளேயே இருக்கிறது. குரோம் உலாவியின் மூன்று புள்ளி மெனுவில் போய்த் தொடங்கலாம். லேப்டாப்பும் டிவியும் ஒரே ரூட்டரில் இருக்க வேண்டும். திரையைக் காட்டும்போது படம் லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்குப் போய், அங்கிருந்து டிவிக்கு வரும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் குழம்பை நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும், தெருமுனைக் கடையில் வைத்துவிட்டு அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

எங்கள் டிவியில் இரண்டும் உண்டு. எளிது என்பதால் காஸ்டில்தான் ஆரம்பித்தேன். முதல் வாரமே முன்வரிசையில் உட்காரும் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், நீங்கள் சொல்வது முதலில் வருகிறது. எழுதுவது அப்புறம் வருகிறது."

அவள் சொன்னது சரி. "இங்கே மைனஸ் போடுகிறோம்" என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் டிவியில் அந்தக் கோடு விழுந்தது. முதலில் இடி, பிறகு மின்னல். பிள்ளைகள் என் முகத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கும் கை தடுமாறியது. டிவியைப் பார்த்து எழுதினால், போட்ட கோடு வரவில்லை என்று எண்ணி மறுபடியும் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். பின்னத்தின் கீழே இரண்டு கோடு.

எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து பார்க்க எளிய வழி இருக்கிறது. லேப்டாப்பில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு திரைகளும் ஒரே படத்தில் விழும்படி போனில் ஒரு போட்டோ. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். பத்துப் பத்துப் போட்டோவாக எடுத்தேன். காஸ்டில் எடுத்த ஒன்றில் லேப்டாப் 31.62 காட்டியது, டிவி 30.85. முக்கால் விநாடிக்கு மேல். மிராகாஸ்டில் 12.48க்கு 12.31, ஆறில் ஒரு பங்கு விநாடி. மாடியறையில் இருந்த ரூட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து மறுபடியும் பார்த்தபோது காஸ்ட் அரை விநாடிக்கு அருகில் இறங்கியது. அதற்குக் கீழே போகவில்லை. படம் திக்கித் திணறாமல் ஓட வேண்டும் என்பதற்காகக் காஸ்ட் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு காட்டுகிறது. படம் பார்ப்பவருக்கு அது நல்ல குணம். எழுதிக் காட்டுபவருக்கு அதுவே இடைஞ்சல்.

இதை நிதானமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாமதம் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சினிமா பார்க்கும்போது ஒலியும் படமும் சேர்ந்தே டிவிக்குப் போகின்றன. இரண்டும் ஒரு விநாடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. கல்யாண ஆல்பம் காட்டுகிறீர்களா, ஒரு விநாடி கழித்துப் படம் மாறினால் என்ன? ஆனால் கை ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமும் இருக்கிற வேலையில் கால் விநாடிகூட உறுத்தும். டிவியைப் பார்த்துக்கொண்டே எழுதுவது, மவுஸை நகர்த்துவது, பையன்கள் கேம் ஆடுவது எல்லாம் இந்த வகை. ஆகவே டிவி வாங்குவதற்கு முன், திரையில் எதைக் காட்டப் போகிறோம் என்று யோசிப்பதைவிட, காட்டும்போது நம் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசிப்பது பயன் தரும்.

மிராகாஸ்டிலும் ஆறில் ஒரு பங்கு விநாடி சும்மா கிடைத்துவிடவில்லை. முதல் நாள் கிட்டத்தட்ட அரை விநாடி பிந்தியது. படமும் அவ்வப்போது சதுரம் சதுரமாக உடைந்தது. காரணத்தைப் பிடிக்க இரண்டு மாலை ஆனது. லேப்டாப்பில் இருப்பது ஒரே வைஃபை ரேடியோ. அது ரூட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டே, டிவியோடு 2.4ல் பேச வேண்டியிருந்தது. இரண்டு இடத்துக்கும் மாறி மாறி ஓடி அதற்கு மூச்சு வாங்கியது. டிவியையும் லேப்டாப்பையும் ரூட்டரின் ஒரே அலைவரிசையில் போட்டேன், சரியாகிவிட்டது. விலை குறைந்த பல டிவிகளில் 2.4 மட்டும்தான் இருக்கும். அப்படியானால் வகுப்பு நேரத்தில் லேப்டாப்பையும் 2.4க்கு இறக்கிவிடுவது நல்லது. அடுத்து, டிவியின் படத் தேர்வில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும். படத்தை மெருகேற்றும் வேலைகளை அது நிறுத்திவிடுவதால் இன்னும் கொஞ்சம் நேரம் மிஞ்சும். பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். கணக்கு வாத்தியாருக்கும் அது உதவுகிறது. திரையின் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே உள்ள கடைசி வரி காணாமல் போனால், டிவியின் பட அளவைத் திரைக்குப் பொருந்தும்படி மாற்ற வேண்டும். லேப்டாப்பில் தேடினால் கிடைக்காது.

நான் மிராகாஸ்டுக்கு மாறியதற்குத் தாமதம் முதல் காரணம் என்றால், இரண்டாவது காரணம் மின்சாரம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. கோடையில் மாலை நேரத்து மின்தடை புதிதல்ல. எங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் ஹால் விளக்கு, இரண்டு மின்விசிறி, டிவி மூன்றும் ஓடும். மாடியறை லைன் இன்வெர்ட்டரில் இல்லை, ரூட்டரோ அங்கே இருந்தது. கரண்ட் போனால் டிவி உயிரோடு இருக்கும், லேப்டாப் பேட்டரியில் ஓடும், காஸ்ட் மட்டும் செத்துவிடும். ரூட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். தெருவில் எங்கோ இணைய இணைப்பே அறுந்திருந்தது; ரூட்டர் விளக்கு எரிந்தும் காஸ்ட் தொடங்க மறுத்தது. மிராகாஸ்டுக்கு இந்தக் கவலைகள் எதுவும் இல்லை. கரண்ட் போய் வந்தாலும் வகையிடல் பாடம் நடுவில் நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு அதில் வருத்தம்தான்.

காஸ்டுக்கும் அதன் நியாயம் உண்டு. என் மைத்துனர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறார். அவர் வீட்டில் முழுக்கக் காஸ்ட்தான். யூடியூபில் உள்ள காஸ்ட் குறியை அழுத்தினால், லேப்டாப் அந்த வீடியோவின் முகவரியை மட்டும் டிவியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிவியே இணையத்திலிருந்து நேராக இழுத்துக் காட்டும். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். மிராகாஸ்டில் அது முடியாது. லேப்டாப் ஒவ்வொரு நொடியும் திரையைப் படமாக்கி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் பழைய லேப்டாப்பின் விசிறி மே மாதத்தில் மாவு மில் போலக் கத்துகிறது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் குரோம் இருந்தால் காஸ்ட் வேலை செய்யும். மேக்கில் மிராகாஸ்ட் கிடையாது.

இன்னொன்றும் சொன்னார். "மாமா, நான் உலாவியின் ஒரே ஒரு டேபை மட்டும் அனுப்புகிறேன். உங்கள் மாதிரி வங்கிக் குறுஞ்செய்தியை ஊருக்கே காட்டுவதில்லை." நியாயம்தான். மிராகாஸ்டில் முழுத் திரையும் போகும். ஆனால் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி, நகல் என்பதற்குப் பதில் நீட்டிப்பைத் தேர்ந்தெடுத்தால், டிவி தனித் திரையாகிவிடும். பிள்ளைகளுக்குக் கணக்கு டிவியில், விடைத்தாள் எனக்கு மட்டும் லேப்டாப்பில். கரும்பலகைக் காலத்தில் இந்தச் சௌகரியம் இல்லை.

மைத்துனரிடம் நான் சொல்லிக்காட்டுவது 2025 மார்ச்சில் நடந்ததை. இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. கருவி அசல்தான் என்று காட்ட உள்ளே இருந்த பத்தாண்டு டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டது. சில நாட்களில் கூகுள் சரிசெய்தது. குரோம்காஸ்ட் கருவி உற்பத்தியே 2024ல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கருவியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகளில் என் அனுபவம் குறைவு. ஆப்பிளின் முறையான ஏர்பிளேயை ஒரே ஒரு மாலை, ஒரு மாணவியின் அண்ணனுடைய மேக்கில் பார்த்தேன். தொட்டவுடன் இணைந்தது, எழுத்தும் சுத்தமாக இருந்தது. ஒரு மாலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 2019 முதல் பல பெரிய நிறுவனங்களின் டிவிகளில் அது உள்ளேயே வருகிறது, மேக் வீட்டார் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டிஎல்என்ஏ என்ற பழைய முறை கோப்புகளை ஓட்டும், திரையைக் காட்டாது. கல்யாண வீடியோவுக்குப் போதும். கம்பியில்லா எச்டிஎம்ஐ பெட்டிகளுக்குச் சில ஆயிரம் கொடுக்க வேண்டும். நான் வாங்கவில்லை.

கடைக்குப் போகிறவர்கள் அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். "குரோம்காஸ்ட் பில்ட் இன்" என்று மட்டும் இருந்தால் மிராகாஸ்ட் இருக்கும் என்று பொருளல்ல. கூகுள் டிவிகளில் சில அதைத் தருவதில்லை. "ஸ்கிரீன் மிரரிங்" என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், எதை வேண்டுமானாலும் அப்படி எழுதுகிறார்கள். சொந்த லேப்டாப்பைக் கையோடு எடுத்துப்போய், கடையிலேயே இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

மிராகாஸ்டின் மீது எனக்கு ஒரே ஒரு வருத்தம் உண்டு. பட்டியலில் டிவிகளின் பெயர் மாடல் எண்ணாகத்தான் வரும், எங்கள் தெருவிலோ வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு நாள் அவசரத்தில் முதலில் இருந்ததை அழுத்தினேன். எங்கள் டிவியில் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு டிவி அனுமதி கேட்டிருக்கிறது. அந்த அக்கா ஏதோ அறிவிப்பு என்று ரிமோட்டில் ஓகேயைத் தட்டியிருக்கிறார். சில நொடிகளில் ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"சார், சீரியலில் உங்கள் கணக்கு ஓடுகிறது!"

அன்றே டிவியின் அமைப்புகளில் பெயரை "டியூஷன்" என்று மாற்றினேன். அவருடைய டிவிக்கும் நானே போய்ப் பெயர் வைத்துக் கொடுத்தேன். அவர் கேட்ட பெயர் "அடுப்படி". டிவி அங்கேதான் இருக்கிறதாம்.