மன்றோ சிலை, சென்னை: குதிரைக்கு நாலரை, போகும் வழிக்கு ஒன்று

முதலில் மதிப்பெண். சிலைக்கு ஐந்துக்கு நாலரை. கிட்டே போய்ப் பார்க்கும் வசதிக்கு ஒன்று, அதுவும் போனால் போகிறதென்று.

நான் தர்மபுரிக்காரன். கிராம நிர்வாக அலுவலராக இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தியைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னை வந்த இடத்தில், "தாத்தா, பீச்சுக்குப் போலாமா, மாலுக்குப் போலாமா?" என்றாள். மன்றோவைப் பார்க்கணும் என்றேன். "யாரு, உங்க பழைய ஆபீசரா?" ஒரு வகையில் அப்படித்தான், இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே கவர்னராக இருந்த வெள்ளைக்காரர் என்று சொல்லிவைத்தேன்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினோம். சிம்சன் பக்கம் பெரியார் சிலையைத் தாண்டி, கூவத்துப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால் தீவுத்திடல் வருகிறது. ஆட்டோவில் போனால், "மன்றோ சிலை" என்றாலே போதும், வேறு அடையாளம் கேட்க மாட்டார்கள். ஆனால் இறக்கிவிட இடம் இல்லை. சிலை நிற்பது நடுரோட்டில். இரண்டு பக்கமும் பஸ்ஸும் காருமாகப் பறக்கின்றன. நான் ஒரு காலை ரோட்டில் வைத்ததும் போக்குவரத்துக் காவலர் விசில் ஊதினார். "பெரியவரே, எங்க போறீங்க?" சிலையைக் கைகாட்டினேன். "அங்கெல்லாம் யாரும் போறதில்லை, இங்கிருந்தே பாருங்க." இருபத்தாறு வருஷம் ஜனங்களை "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பியவன் நான். பேசாமல் நடைபாதைக்குத் திரும்பினேன்.

உயரமான பீடம். அதன்மேல் வெண்கலக் குதிரை நான்கு கால்களையும் ஊன்றி அமைதியாக நிற்கிறது. நம் ஊர்ச் சாமி குதிரை மாதிரி முன்னங்காலைத் தூக்கிப் பாயவில்லை. பேத்தி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். கடிவாளம் இருக்கிறது, சேணம் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. மன்றோவின் கால்கள் சும்மா தொங்குகின்றன. ஆனாலும் விழுந்துவிடுவார் என்று தோன்றவில்லை. தலைமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது, நாங்கள் இருந்தவரை எழுந்திருக்கவில்லை. பீடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து படிக்க முடியவில்லை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அதற்காகத்தான்.

திரும்பும்போது ஆட்டோக்காரத் தம்பி அந்தப் பழைய கதையைச் சொன்னார். சிற்பி சேணத்தை மறந்துவிட்டாராம், யாரோ ஒரு சின்னப் பையன் சுட்டிக்காட்டினானாம், அவமானத்தில் தற்கொலை செய்துகொண்டாராம். என் சின்ன வயதில் எங்கள் தமிழ் வாத்தியாரும் இதையே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அத்தனையும் கட்டுக்கதை. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. லண்டனில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் வெலிங்டன் பிரபுவுக்கும் அவர் வடித்த குதிரைகளிலும் சேணம் கிடையாது. மூன்று முறை ஒருவர் மறப்பாரா? அவருக்கு அதுதான் பாணி. மன்றோ சிலை இங்கே திறக்கப்பட்டது 1839-ல். சாண்ட்ரி உடம்பு சரியில்லாமல் இறந்தது 1841-ல்.

நான் போனது சேணத்தைப் பார்க்க இல்லை. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான். வரி வசூலை ஒழுங்குபடுத்த வந்த அலெக்சாண்டர் ரீடுக்குக் கீழே உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ, ஒரு பட்டாளத்துக்காரர். 1799 வரை ஏழு வருஷம் எங்கள் பக்கத்து ஊர்களைச் சுற்றினார். நடுவில் ஜமீன்தார் வேண்டாம், உழுகிறவன் பேரிலேயே நிலத்தை எழுதி, அவனிடமே தீர்வை வாங்கலாம் என்ற ரயத்துவாரி முறை அங்கேதான் வளர்ந்தது. 1820-ல் சென்னைக்கு கவர்னராக வந்ததும் அதை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரப்பினார். நான் கையில் வைத்திருந்த சிட்டா, அடங்கல் என்ற நிலக் கணக்குகள், மே மாசம் பிறந்தாலே வயிற்றைக் கலக்கும் ஜமாபந்தி என்ற வருஷாந்தரக் கணக்குத் தணிக்கை, எல்லாம் அந்தத் தடத்தில் ஓடிய வண்டிதான். கணக்குகளைத் துணிமூட்டையாகக் கட்டித் தாலுகா ஆபீசுக்குத் தூக்கிப் போன நாட்களில் இந்த மனிதரை எத்தனை முறை திட்டியிருப்பேன்!

அதற்காக அவரை ஏழைப் பங்காளன் ஆக்க நான் தயாரில்லை. தீர்வை கொடுமையாகத்தான் இருந்தது, விளைச்சலில் ஏறக்குறையப் பாதி. பிறகு கடப்பை, பெல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்தபோது, 1807-ல், இதில் நாலில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும் என்று மன்றோவே எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. கீழே இருப்பவன் எழுதுவதும் மேலே இருப்பவன் கோப்பை மூடிவைப்பதும் எனக்குப் பழகின சங்கதி என்பதால், அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு ஒட்டுதல் உண்டு.

ஆந்திரப் பக்கம் அவர்மேல் பாசம் அதிகம். பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைத்திருக்கிறார்கள். மந்திராலய மடத்து நில விவகாரமாகப் போனவருக்கு ராகவேந்திரரே காட்சி கொடுத்தார் என்று அங்கே ஒரு கதை உண்டு. அந்தச் சீமையிடம் விடைபெற்றுக்கொள்ளப் போன சுற்றுப்பயணத்தில்தான், 1827 ஜூலை 6 அன்று, பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். உடலைக் கூத்தியில் அடக்கம் செய்து, பின்னர் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். சிலையிலிருந்து கோட்டை பக்கம்தான். அடையாள அட்டை எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம்.

இதே மவுண்ட் ரோட்டில் நீல் என்று இன்னொரு வெள்ளைக்காரன் சிலை இருந்தது. 1857-ல் வடக்கே ஜனங்களைக் கொன்று குவித்தவன். 1927-ல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் நடந்தது. பத்து வருஷம் கழித்து ராஜாஜி அரசு அகற்றியது. மன்றோவை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஜனங்களுக்கு ஆள் தரம் தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் போங்கள், ஞாயிறு என்றால் உத்தமம். நிழல் கிடையாது, உட்காரத் திண்ணை கிடையாது. கிட்டத்தில் காட்டும் கேமரா இருந்தால் எடுத்துப் போங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஊருக்கு வந்ததும் கூட வேலை பார்த்த தம்பி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "ஏங்கண்ணா, ரோட்டுப் புறம்போக்குல நட்டநடுவுல நிக்கறாரே. 1839-லேர்ந்து ஒருத்தனுமா ஆக்கிரமிப்புன்னு பி மெமோ நோட்டீஸ் குடுக்கல?"