கம்புட் நிலத்தில் மறுநடவு: செம்பனையா, அன்னாசியா, சாகுவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் என் மாமாவுக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. தூண்மேல் கட்டிய வீடு. முன்பு வாசலுக்கு மூன்று படி, இப்போது ஐந்து. வீட்டை யாரும் உயர்த்தவில்லை, மண்தான் இறங்கிவிட்டது.

மலாய்க்காரர்கள் தானா கம்புட் என்கிற மண் இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறி, மக்காமல் கிடந்த மரமும் இலையும். கான் (வடிகால்) வெட்டித் தண்ணீரை இறக்கினால் காற்று புகும், மண் மக்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். வடித்த புதிதில் வேகமாகத் தாழும். பிறகும் ஆண்டுக்கு 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை இறங்கிக்கொண்டே இருக்கும்.

மாமாவின் பழைய செம்பனைகள் (பாமாயில் தரும் எண்ணெய்ப் பனைகள்) உயரம் தாண்டிவிட்டன, குலை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அடுத்து என்ன நடுவது?

செம்பனையில் வரும்படி நிச்சயம். ஆலை பக்கத்தில், லோரி வாசலுக்கே வரும். ஆனால் இந்த மண்ணில் செம்பும் துத்தநாகமும் குறைவு, நாம்தான் போடவேண்டும். வேர் பிடிக்காமல் மரம் சாயும் (எங்கள் ஊர் மணிக்கூண்டுக் கோபுரம் 1885இல் கட்டியது, அதுவும் சாய்ந்துதான் நிற்கிறது என்று மாமா சமாதானம் சொல்வார்). கானொடெர்மா என்ற பூஞ்சையால் வரும் அழுகல் நோயும் மற்ற மண்ணைவிட இங்கே சீக்கிரம் வந்துவிடும். தண்ணீரை மண்மட்டத்துக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் நல்ல விளைச்சல் உண்டு. அதற்கு மேல் இறக்குவது வீண், மண்ணைத் தின்பதுதான் மிச்சம். 3 சென்டிமீட்டர் என்றே கணக்குப் போட்டாலும், 25 ஆண்டில் முக்கால் மீட்டர் போய்விடும். கடல் ஏற்றம் பேராக் ஆற்றில் ஏறிவரும் ஊரில் அப்புறம் மழைத்தண்ணீர் எங்கே வடியும்? பம்ப் வைத்துத்தான் இறைக்கவேண்டும். ஆர்எஸ்பிஓ (நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான உலக அமைப்பு) சான்றிதழ் உள்ளவர்கள் 2018 நவம்பருக்குப் பிறகு இந்த மண்ணில் புதிதாக நடவே முடியாது. மறுநடவுக்கும் நிலம் இனி எத்தனை காலம் வடியும் என்று கணக்குக் காட்டவேண்டும்.

அன்னாசிக்குப் புளிப்பு மண் பிடிக்கும், சுண்ணாம்புச் செலவு மிச்சம். மார்டி என்ற மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் 1996இல் வெளியிட்ட ஜோசாபைன் ரகம் ஒன்றேகால் ஆண்டுக்குள் பழம் தந்துவிடும். பலரும் இதை மண்ணைக் காக்கும் பயிர் என்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். தண்ணீர் தேங்கினால் அதன் வேரும் அழுகும், அதற்கும் கான் வேண்டும். கைக்காசு சீக்கிரம் வரும், மண் இறங்குவது நிற்காது.

நிற்கிற தண்ணீரைத் தாங்குவது சாகு பனை ஒன்றுதான். நம் ஜவ்வரிசி முதலில் இதன் மாவுதான், சேலத்தில் மரவள்ளிக்கு மாறியது பிறகு. ஒரு மரம் வெட்டினால் பக்கக் கன்று எழும்பும், மறுநடவே கிடையாது. ஆனால் இந்த மண்ணில் முதல் மரம் முற்றப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். பெரிய ஆலைகள் இருப்பதோ கடல் தாண்டிச் சரவாக் மாநிலத்தில் முக்கா என்ற ஊர்ப் பக்கம். இங்கே வெட்டி யாரிடம் விற்பது?

“செம்பனையே நடுங்க மாமா. கானில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை 40இல் நிறுத்துங்க. மழை மாதத்தில் குளமாகும் அந்தக் கீழ் மூலையில் மட்டும் சாகு வைங்க” என்றேன்.

“நான் 40இல் நிறுத்துறேன்டா. பக்கத்து நிலத்துக்காரன் ஒரு மீட்டர் ஆழம் வெட்டி வச்சிருக்கானே, என் தண்ணி நிக்குமா?”

நிற்காது. ஒரே கானில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மட்டத்துக்கு ஒத்துக்கொள்ளவேண்டும். பக்கத்துக்காரரிடம் பேச இந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகப் போகிறோம்.