நூலகத் தளத்துக்கு எந்த முகப்பு: கூகுளா, விக்கிப்பீடியாவா, பிரிட்டிஷ் அரசா?

எங்கள் ஊர் நூலகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய முகப்பைத் திறந்தால் முதலில் ஆண்டுவிழாப் படங்கள் ஓடும்: பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடியும் பொன்னாடை. அவற்றின் கீழே நிறுவனரின் வாழ்க்கைக் குறிப்பு. நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற விவரம் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தது.

ஓடும் படங்களை எடுத்துவிடலாமா என்ற பேச்சே குழுவில் அரை மணி நேரம் நீண்டது. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் இத்தகைய படங்களை அளந்து பார்த்தபோது, வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர்தான் அவற்றைச் சொடுக்கியிருந்தார். அதிலும் பெரும்பாலான சொடுக்குகள் முதல் படத்துக்கே. இதைச் சொன்னதும் செயலாளர் முகம் வாடியது. அவர் படம் நான்காவது.

மிஞ்சிய மாதிரிகள் மூன்று. குழுவின் இளைஞர்கள் கேட்டது கூகுள் பாணி: வெள்ளைத் தளம், நடுவில் ஒரு தேடல் பெட்டி. அழகுதான். ஆனால் அந்த வெறுமை வடிவமைப்புத் தத்துவமாகப் பிறக்கவில்லை. தொடக்கத்தில் பக்கத்தை அலங்கரிக்க அங்கே ஆளில்லை என்பதே காரணம். அந்நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய மரிசா மேயர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். முதன்முறையாக அப்பக்கத்தைப் பார்த்தவர்களைத் தேடச் சொன்னால், எதுவும் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். காரணம் கேட்டால், பக்கத்தின் மீதி இன்னும் வரவில்லையே, அதற்காகக் காத்திருக்கிறோம் என்று பதில். பக்கம் இவ்வளவுதான் என்று காட்டவே அடியில் காப்புரிமை வரியைச் சேர்த்தார்கள்.

எங்கள் சோதனையிலும் கிட்டத்தட்ட அதே கதை. மகளுக்கு உறுப்பினர் அட்டை வாங்க வந்திருந்த ஓர் அம்மாவிடம் என் கைப்பேசியில் மாதிரிப் பக்கத்தைக் காட்டினேன். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதில் நான் என்ன எழுத வேண்டும், தம்பி?” என்றார். விருப்பப்பட்டதை எழுதுங்கள் என்றேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, கார்டு வாங்க என்ன வேண்டும் என்று கேட்டார். பெட்டி அந்தச் சொற்களை நூல் தலைப்புகளில் தேடிவிட்டு, ‘முடிவுகள் இல்லை’ என்றது. அவர் கைப்பேசியைத் திருப்பித் தந்த விதத்தில், தவறு தன்னுடையதுதான் என்ற கூச்சம் தெரிந்தது. எனக்கு அதுதான் உறுத்தியது. தேடல் பெட்டி தானாக எதுவும் சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, அதற்கு என்ன பெயர் என்று தெரிந்தவருக்கே அது வசதி. பாரதியின் பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகப் பதிந்து வைத்திருக்கும் எங்கள் நூற்பட்டியலில் தெரிந்தவருக்கும் அது வசதியில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கம் இதற்கு நேர் எதிர். 2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் வாசலில் ‘உங்களுக்குத் தெரியுமா?’, ‘இன்றைய நாளில்’, சிறப்புப் படம் என்று சரக்கு பரப்பிக் கிடக்கும். எதையும் தட்டத் தெரியாதவர்கூட ஒன்றைத் தொட்டு உள்ளே போய்விடலாம். அரை மணி நேரம் பொழுதைப் போக்க வந்தவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் அந்தப் பரப்பைப் புதிதாக வைத்திருக்கத் தன்னார்வலர்கள் அங்கே இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு நூலகரும் நானும். ஆறு மாதத்தில் ‘இந்த வாரப் புத்தகம்’ பழைய காலண்டர் தாள் போல ஆகிவிடும்.

மூன்றாவது, 2012 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு திறந்த ‘கவ்.யூகே’. எந்தத் துறை, எந்த அமைச்சர் என்று மக்களை அலைய விடாமல், அவர்கள் எந்த வேலையாக வருகிறார்கள் என்பதைப் பார்த்துக் கட்டிய தளம். அடுத்த ஆண்டே லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகத்தின் ‘ஆண்டின் சிறந்த வடிவமைப்பு’ விருது பெற்றது. அதன் பொது விடுமுறைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடுத்த விடுமுறை எந்த நாள் என்று பெரிய எழுத்தில் முதலில் நிற்கும். முழுப் பட்டியல் அதற்குக் கீழே. கேட்பதற்கு முன்பே பதில்.

என் வாக்கு இதற்குத்தான். முகப்பின் தலையில் ‘இன்று இரவு 8 மணி வரை திறந்திருக்கும்’ என்று ஒரு வரி. அடுத்து மூன்று பொத்தான்கள்: உறுப்பினராக, புத்தகம் தேட, இடத்துக்கு வர வழி. தேடல் பெட்டி இரண்டாவது பொத்தானுக்குப் பின்னால் போனது. அங்கே வருகிறவர் புத்தகத்தைத் தேடித்தான் வருகிறார். விக்கிப்பீடியாவிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டோம்: அடியில் புதிதாக வந்த நூல்களின் அட்டைப் படங்கள் ஐந்து, பட்டியலிலிருந்து தானாக வருபவை.

இந்த மாதிரியிலும் ஒரு முள் உண்டு. பதில் பெரிய எழுத்தில் இருந்தால் தவறும் பெரிய எழுத்தில்தான் இருக்கும். திடீர் விடுமுறை நாளன்று ‘திறந்திருக்கும்’ என்ற வரியை நம்பி வெயிலில் வந்தவருக்குப் பூட்டைக் காட்ட முடியாது. அந்த வரியை மாற்றும் பொறுப்பை நூலகர் ஏற்றுக்கொண்டார். கதவைப் பூட்டும்போதே கைப்பேசியில் மாற்றிவிடும்படி ஒரு பொத்தான் செய்து கொடுத்தேன். பொன்னாடைப் படங்கள் ‘விழாக்கள்’ என்ற தனிப் பக்கத்துக்குப் போயின. அங்கே செயலாளர் படம்தான் முதலில்.