மேட்டனில் குவார்ட்டர்பேக்: ஓடுவது சுலபம், நிற்பதுதான் வேலை

மேட்டன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமைப் பல பதிப்புகளாக ஆடிவருகிறேன். பிளேஸ்டேஷனில் புதிதாகத் தொடங்குபவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: பந்து கைக்கு வந்ததும் ஆர்2 பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

ஆர்2 வேகமாக ஓடுவதற்கு. அதை அழுத்தினால் குவார்ட்டர்பேக் (சக வீரர்களுக்குப் பந்தை எறிபவர்) எறியும் நிலையை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிடுவார். அந்த ஓட்டத்திலேயே எறிந்தால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஓடியபடி எறியும் திறனுக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. பேட்ரிக் மஹோம்ஸ் மாதிரி நட்சத்திர குவார்ட்டர்பேக் என்றால் தப்பிக்கலாம், மற்றவர்களை வைத்துக்கொண்டு அது சூதாட்டம்.

ஆர்2 வேண்டாம், இடது ஸ்டிக்கை மட்டும் லேசாக முன்னால் தள்ளுங்கள். இரண்டு எட்டு, அவ்வளவுதான். ஓரத்திலிருந்து வளைந்து பாய்கிற எதிரணி ஆளை, நம்மைக் காக்கும் டேக்கில் என்ற வீரர் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவார். நாம் முன்னால் நகர்ந்துவிட்டால் அந்த ஆள் நமக்குப் பின்னால் கடந்து போய்விடுவார். பயந்து பத்து யார்டு பின்வாங்கினால் அவர் வரும் வழியில் நாமே போய் நிற்போம். சாக் ஆனால், அதாவது எறியும் முன்பே நம்மை வீழ்த்திவிட்டால், அந்தப் பத்து யார்டும் போச்சு.

2003இல் வந்த மேட்டன் 2004 ஆடியவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். அட்டையில் இருந்த குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்குக்கு வேக மதிப்பெண் 95. பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருந்தால் போதும், பிடிக்க ஆளில்லை. இப்போது எதிராளி ஒரு லைன்பேக்கரை (தடுப்பு வீரரை) நம்மையே கண்காணிக்கும் ஸ்பையாக விட்டால், நாம் நகரும் பக்கமெல்லாம் அவரும் கூடவே வருவார்.

மேட்டன் 06இல் குவார்ட்டர்பேக்கின் பார்வையை ஒரு ஒளிக்கூம்பாகக் காட்டினார்கள். பேய்டன் மேனிங் மாதிரி தேர்ந்த ஆளுக்கு அகலமான கூம்பு, சுமாரான ஆளுக்கு ஒரு கீற்று. கூம்புக்கு வெளியே எறிந்தால் துல்லியம் குறையும். ஆளையும் நகர்த்தி, கூம்பையும் திருப்பி, பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரின் பொத்தானையும் அழுத்த வேண்டும். நல்ல யோசனைதான், ஆனால் அது பிறகு போனதில் எனக்கு வருத்தமில்லை.

அப்புறம், கன்ட்ரோலர். ஸ்டிக் தேய்ந்து தானாக இழுக்க ஆரம்பித்தால் வேறு ஆட்டங்களில் சமாளித்துவிடலாம், பாக்கெட்டுக்குள், அதாவது காவல் வீரர்களுக்குப் பின்னால் எறிய நிற்கும் இடத்தில், முடியாது.

சரி, ஓடியே ஆக வேண்டுமென்றால்? பந்து ஆட்டத்துக்கு வரும் இடமான ஸ்கிரிம்மேஜ் கோட்டைத் தாண்டி ஓடியபின், அடி விழுவதற்குள் சதுரப் பொத்தானைத் தட்டிச் சறுக்கிவிடுங்கள், பந்தாவது கையில் இருக்கும். ஓட்டத்துக்குப் பேர்போன லாமார் ஜாக்சன் நம் கையில் இருக்கும்போது சறுக்க மனசு வராது, தெரியும். கடைசி வாய்ப்பான நான்காவது டவுனில் நானும் சறுக்குவதில்லை.