வந்தாறுமூலைக் கம்பஸ்: நாலு வருஷம் பாவித்த பிறகு

சித்தியின் மகளுக்கு இந்தமுறை வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. "அக்கா, என்னென்ன கொண்டு போகவேணும்?" என்று வட்ஸ்அப்பில் கேட்டாள். மூடி உள்ள வாளி, டேபிள் ஃபேன் என்று இரண்டு வரி அனுப்பிவிட்டுப் படுத்தால் தூக்கம் வரவில்லை. நான் போகும்போது எனக்கும் இப்படித்தான் வாளியைப் பற்றிச் சொன்னார்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது, அதை எப்படிப் பாவிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் போய்விட்டது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் திருக்கோவில் பக்கம், படித்தது விவசாய பீடம். மட்டக்களப்புக் கம்பஸ் என்று வாய்க்கு வந்தாலும் அது டவுனில் இல்லை, திருகோணமலை வீதியில் ஏறாவூர், செங்கலடி எல்லாம் தாண்டி 15 கிலோமீற்றருக்கு மேல். (கல்லடியில் இருப்பது இசை, நடனம் படிப்பவர்களுடைய விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், அதுவும் இதே பல்கலைக்கழகத்தின் பிள்ளைதான்.) 1981 இல் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமானது. எங்கள் பீடம் அந்த முதல் நாளிலிருந்தே இருக்கிறது. பழைய பீடம் என்றால் பழைய ஆராய்ச்சிகளும் இருக்கும் அல்லவா, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

முதல் இரண்டு வருஷம் நான் செய்தது லெக்சர், போடிங் (வாடகை அறை), குப்பி, சோதனை. குப்பி என்றால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது: சோதனைக்கு முன்னிரவு சீனியர் ஒருவர் பலகைக்கு முன்னால் நின்று முழுப் பாடத்தையும் மூன்று மணித்தியாலத்தில் சொல்லித் தருவது. நல்ல விஷயம்தான், காசும் இல்லை. ஆனால் குப்பியை நம்பி லெக்சரில் நித்திரை கொண்டவர்களில் நானும் ஒருத்தி, ரிசல்ட் ஷீற்றைப் பார்த்தாலே அது தெரியும்.

நூலகத்துக்கு நான் ஒழுங்காகப் போகத் தொடங்கியது மூன்றாம் வருஷம், அதுவும் போடிங்கில் வெக்கை தாங்காமல். போனால் ஒரு மூலையில் முன்னைய பச் (ஒரே வருஷம் சேர்ந்தவர்கள்) ஆட்களின் ஆய்வேடுகள் வரிசையாக இருக்கின்றன. கச்சான் (நிலக்கடலை), மிளகாய், கௌபி, எது எடுத்தாலும் 'மணல் ரெகோசோல் மண்ணில்' என்றுதான் தலைப்பு முடியும், ஏனென்றால் எங்கள் மண் அதுதான். எந்தப் பசளை எடுபடவில்லை, எந்த மாதத்தில் நட்டுப் பயிர் செத்தது, எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகத்தில் இது கிடைக்காது. அங்கே வேலை செய்யும் அம்மா ஒருவர், நான் மூன்றாம் நாளும் வெறும் கையோடு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள தேடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் நாலு ஆய்வேடு மேசைக்கு வந்தது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு சுற்றியதற்கு வேறு யாரைக் குறை சொல்வது?

ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குக் காசு கட்டாதீர்கள். உலக உணவு விவசாய அமைப்பின் அகோரா என்ற இணையவழி ஆராய்ச்சி இதழ்த் தொகுப்பு எங்களைப் போன்ற நாடுகளின் நிறுவனங்களுக்காகவே இருக்கிறது, நுழைவது எப்படி என்று நூலகத்தில் கேளுங்கள். தமிழில் தேடுபவர்களுக்கு 2005 இலிருந்து இயங்கும் 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளம் போதும், எங்கள் ஊர்க் கோயில் மலர் வரைக்கும் கிடக்கிறது.

இனிப் பண்ணை. கடைசி வருஷ ஆராய்ச்சிக்குப் பொலித்தீன் பைகளில் கச்சான் நட்டேன். வெளியே கச்சான் காத்து அனலாக அடிக்கிறது (ஆமாம், பயிரும் கச்சான், காத்தும் கச்சான்), நான் பயந்துபோய் ஒரு நாளைக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் கிழமை கன்றுகள் மஞ்சளாகி, அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. பண்ணையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்தார், ஒன்றும் பேசாமல் சுட்டுவிரலை இரண்டாவது கணு வரைக்கும் பைக்குள் விட்டு எடுத்தார். விரலில் ஈர மண் ஒட்டியிருந்தது. "மேல காயிறதப் பார்த்து ஊத்தாதீங்க புள்ள. விரலுக்கு ஈரம் பட்டா சும்மா விடுங்க." அவ்வளவுதான். நாலு வருஷ நோட்ஸ் கொப்பியில் இந்த வரி இல்லை. திரும்ப நட்டேன், ஒரு மாதம் பிந்தினேன், ஆனால் அதற்குப் பிறகு பின்னேரங்களில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் திரிந்தேன்.

காசு விஷயம் சுருக்கமாக. மஹாபொல புலமைப்பரிசில் என் காலத்தில் மாதம் 5000 ரூபாய், 2025 பாதீட்டில் 7500 ஆக்கினார்கள். மஹாபொல கிடைக்காவிட்டால் பேர்சரி என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. வங்கிக் கணக்கு இலக்கத்தை இரண்டு தரம் சரி பாருங்கள். நான் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டு மூன்று மாதம் அம்மாவிடம் கை நீட்டினேன். ரெக்கிங்குக்கு (பகிடிவதைக்கு) எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, 'பச்சுக்காகப் பொறுத்துக்கொள்' என்று சொல்பவரிடம் அதைச் சொல்லுங்கள், சொன்ன பிறகும் விடாவிட்டால் வீட்டுக்கும் மாணவர் ஆலோசகருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

டவுனுக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது போங்கள். நான் போனது முக்கியமாகச் சட்டித் தயிருக்கும் கல்லடிக் கடற்கரைக்கும், ஆனால் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்துக்கொண்டே கூட்டாளிகளோடு பேசியதில்தான் என் ஆராய்ச்சித் தலைப்பே பிறந்தது. நவம்பர், டிசம்பரில் மட்டும் கவனம், மழை விடாமல் பிடித்தால் வெள்ளம் ஏறும், போடிங்கில் இரண்டு நாளைக்கு பிஸ்கட்டும் மெழுகுதிரியும் இருக்கட்டும்.

சரி, தங்கச்சி, ஃபேன் புதிதாக வாங்காதே. என்னுடையது இன்னும் ஓடுகிறது, கொஞ்சம் சத்தம் போடும், வந்து எடுத்துக்கொண்டு போ.