ஜவுளிக்கடையா, உணவு டெலிவரியா?

டிகிரி முடித்த பல பிள்ளைகளுக்குக் கிடைப்பது இந்த இரண்டில் ஒன்றுதான். படித்த படிப்புக்கு இரண்டிலும் வேலை இல்லை. மனதை அரிப்பது அதுதான்.

டெலிவரியில் ஓடுகிற அளவுக்குக் காசு. சரி, ஆனால் பெட்ரோலும் வண்டிச் செலவும் நம் தலையில். மழையில் வழுக்கிக் கால் உடைந்தால் வருமானம் அன்றோடு நின்றுவிடும். தமிழ்நாட்டில் இவர்களுக்கென நல வாரியமே 2023-இல்தான் அமைந்தது.

பெரிய ஜவுளிக்கடையில் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ., அதாவது ஊழியர்களுக்கான அரசுக் காப்பீடு, உண்டு. தகுதி இருந்தால், நோயில் படுத்த நாட்களுக்கு ஊதியத்தில் 70 சதவீதம் வரும். நாள் முழுக்க நிற்பதுதான் கொடுமை. ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டமே திருத்தினார்கள். சேரும் முன் கடைக்குள் ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குடும்பத்தைத் தாங்குகிறவருக்கு நான் கடையைத்தான் சொல்வேன்.